மரம் முத்துவதற்குத்தான் வெட்டக் கேட்கிறோம்: வேளாண் காடுகள் கொள்கை வகுப்பவர்களுக்கு ஒரு திறந்த மடல்

தமிழ்நாடு அரசின் வேளாண்மை, வனம், வருவாய்த் துறைகளில் மரப்பயிருக்கான கொள்கையையும் விதிகளையும் எழுதும் உயர் அலுவலர்களுக்கு,

எங்கள் சொந்தத் தோப்பில் சில மரங்களை வெட்ட அனுமதி கேட்டுப் போட்ட என் மனு திரும்பி வந்திருக்கிறது. மரங்கள் இன்னும் முதிர்ச்சி அடையவில்லை, அதனால் வெட்டுவதற்குப் பரிந்துரைக்க இயலாது, முதிர்ந்த பிறகு விண்ணப்பிக்கலாம் என்று அதில் எழுதியிருக்கிறது. தோப்பை மொட்டையடிக்க நான் அனுமதி கேட்கவில்லை. நெருக்கியடித்து நிற்கும் மரங்களில் கோணலும் நோஞ்சானுமாக இருப்பவற்றை எடுத்துவிட்டு, மற்றவை பருக்க இடம் விட வேண்டும் என்றுதான் கேட்டேன். மரம் முதிரவில்லை என்பதால்தான் மனுவே போட்டேன். அதையே காரணமாகச் சொல்லித் திருப்பிவிட்டார்கள்.

எந்த அலுவலகம், எந்த அலுவலர் என்று இங்கே எழுதப் போவதில்லை. அவர் கையில் இருந்த விதியில் மரம் வெட்டுவது என்றால் கடைசி வெட்டு ஒன்றுதான். நடுவில் வெட்டுவது என்று ஒன்று இருப்பதையே அந்த விதி அறியாது. விதியை எழுதுகிறவர்கள் நீங்கள் என்பதால் இந்த மடல் உங்களுக்கு.

குடியாத்தத்திலிருந்து பேரணாம்பட்டுப் பக்கம் போகும் வழியில், ஆந்திர எல்லை மலைகள் தெரிகிற தூரத்தில் எங்கள் நிலம். நாலு ஏக்கர். பழைய வட ஆற்காட்டுக்காரர்களுக்கு இந்த மண்ணைப் பற்றி விளக்க வேண்டியதில்லை. செம்மண், கொஞ்சம் தோண்டினால் பாறை. மல்லாட்டை (நிலக்கடலை), கேவுரு (கேழ்வரகு), கொள்ளு என்று மானாவாரியில் ஓடிய கொல்லை. கிணறு வற்றியது, போர் போட்டோம், போரிலும் தண்ணீர் கீழே போனது. ஊர்ப் பிள்ளைகளெல்லாம் ஆம்பூர், வாணியம்பாடி ஷூ கம்பெனிகளுக்குப் போய்விட, மல்லாட்டை பறிக்க ஆள் இல்லை. பறிப்பதற்கு முன்பே காட்டுப்பன்றி பறித்துவிடும் வருடங்களும் உண்டு. அப்போதுதான் அப்பா மரத்துக்கு மாறினார். 2010-ல், தனியார் நிலங்களில் மரம் வளர்க்கும் அரசுத் திட்டத்தில் கன்றுகள் வந்தன. மேட்டுப் பகுதியில் செம்மரம், மண் ஆழமாக இருக்கும் ஒன்றரை ஏக்கரில் தேக்கு, வேலியோரம் வேங்கையும் குமிழும். தேக்கை 2 மீட்டருக்கு 2 மீட்டர் இடைவெளியில் நட்டார். அந்தக் கணக்கில் ஏக்கருக்குச் சுமார் 1,000 கன்று பிடிக்கும். அப்படி நெருக்கி நடுவது தப்பில்லை. சின்ன வயதில் நெருக்கமாக நின்றால்தான் மரம் வெளிச்சத்தைத் தேடி நேராக மேலே போகும், பக்கக் கிளை குறையும். ஆனால் அந்த நெருக்கம் சில வருடங்களுக்குத்தான். ஐந்தாறு வயதில் ஒரு முறை, பத்து வயதை ஒட்டி இன்னொரு முறை, அதற்குப் பிறகும் தேவையைப் பார்த்து, எண்ணிக்கையைப் பாதி பாதியாகக் குறைத்துக்கொண்டே வர வேண்டும். இதைத்தான் கலைப்பு என்கிறோம். நட்ட ஆயிரமும் கடைசிவரை நிற்பதற்காக நட்டவை இல்லை. நிற்கப் போகும் நூறு, நூற்றைம்பது மரத்தைத் தேர்ந்தெடுப்பதற்காக நட்டவை.

இது எங்கள் ஊரில் யாருக்கும் புரியாத விஷயமில்லை. கேவுரு நேரடியாக விதைத்தால் நெருக்கமாக முளைத்ததைக் கலைத்துவிடாமல் யாரும் கதிர் எதிர்பார்ப்பதில்லை. அதற்கு எவரிடமும் போய் அனுமதி கேட்டதும் இல்லை.

எங்கள் தோப்பிலேயே இதற்குச் சாட்சி நிற்கிறது. வரப்பை ஒட்டிய வெளி வரிசைத் தேக்குக்கு ஒரு பக்கம் முழுக்க வெளிச்சம். நெஞ்சுயரத்தில் நூல் பிடித்தால் 32 முதல் 36 அங்குலச் சுற்றளவு வருகிறது. நாலு வரிசை உள்ளே போனால் 16, 17, மிஞ்சினால் 19 அங்குலம். ஒரே நாற்றங்கால், ஒரே நாள் நடவு, அதே மண், குடத்தில் தூக்கி ஊற்றிய அதே தண்ணீர். உள்ளே இருப்பவற்றின் தலையைப் பாருங்கள்: உச்சியில் ஒரு கொத்து இலை, அவ்வளவுதான். அந்தக் கொத்து இலை ஒரு பெரிய அடிமரத்துக்கு எப்படிச் சோறு போடும்?

இதைப் பணமாகவும் சொல்கிறேன். மர வியாபாரத்தில் இன்னும் கால் சுற்றளவுக் கணக்குதான். சுற்றளவை அடியாக்கி நாலால் வகுத்து, அதை அதாலேயே பெருக்கி, நீளத்தால் பெருக்கினால் கன அடி. 24 அங்குலச் சுற்றளவும் 10 அடி நீளமும் உள்ள துண்டு இரண்டரை கன அடி வரும். 48 அங்குலச் சுற்றளவில் அதே 10 அடி நீளம் 10 கன அடி. பருமன் இரண்டு மடங்கானால் மரம் நாலு மடங்கு. அத்தோடு முடியவில்லை. தேக்கின் விலை உள்ளே இறுகிய நடுமரமான வைரத்தில் இருக்கிறது, வெளிப்பக்கத்து வெண்மரத்தில் இல்லை. சுற்றிலும் ஒரு அங்குலம் வெண்மரம் என்று வைத்துக்கொண்டால், 24 அங்குல மரத்தில் பாதியைச் சற்றுத் தாண்டித்தான் வைரம். 48 அங்குல மரத்தில் முக்கால் பங்கு வைரம். பெரிய துண்டில் அகலப் பலகை அறுக்கலாம், கதவு நிலை எடுக்கலாம், அதனால் கன அடி விலையே வேறு. ஆக, நாலு ஒல்லி மரம் சேர்ந்தாலும் ஒரு பருத்த மரத்தின் விலை வராது. இந்த வித்தியாசத்தை உண்டாக்குவது உரமோ விதையோ இல்லை. எந்த மரத்தை எந்த வயதில் எடுத்தோம் என்பதுதான்.

எங்கள் தோப்பைப் பார்க்க வந்த மர டிப்போக்காரர் உள் வரிசையைச் சுற்றிவிட்டு வந்து, "அக்கா, இது தேக்கு இல்ல, தேக்குக் கழி. பந்தக்காலுக்கும் சென்ட்ரிங்குக்கும்தான் ஆகும்" என்றார். வார்த்தை சுட்டது. ஆனால் பொய் இல்லை.

செம்மரத்தின் கதை இன்னும் மோசம். அது தேக்கு மாதிரி ஓடி வளராது. வைரம் கட்டவே இருபது வருடம் பொறுமை வேண்டும். பாறை மண்ணில், குறைந்த தண்ணீரில் மெதுவாக வளர்ந்தால்தான் சிவப்பு ஏறும். அந்த வகையில் எங்கள் மேட்டு நிலத்துக்கு அது பொருத்தமான மரம். ஆனால் செம்மரம் சின்ன வயதில் வளையும், கவட்டையாகப் பிரியும், அடியிலிருந்து இரண்டு மூன்று தண்டு கிளம்பும். முட்டுக்கொம்பு கொடுத்து, தேவையில்லாத தண்டை எடுத்து, ஒற்றைத் தண்டாக ஏற்றினால்தான் உருப்படியான அடிமரம் கிடைக்கும். வெட்டிய கட்டையிலிருந்து மறுபடி துளிர்க்கும் மரம் அது, அதனால் கலைத்ததில் நிலத்துக்கு நட்டமும் இல்லை. இவ்வளவும் தெரிந்தும் எங்களால் அரிவாளை எடுக்க முடியவில்லை. காரணம் உங்களுக்கே தெரியும். மணிக்கட்டுத் தடிமன் உள்ள, உள்ளே சிவப்பே காணாத செம்மரக் கொம்பும் சட்டத்தின் பார்வையில் செம்மரம்தான். வெட்டவும் அனுமதி வேண்டும், எடுத்துப் போகவும் அனுமதி வேண்டும்.

எங்கள் பக்கத்தில் ஒருவர் தன் செம்மரத் தோப்பை இரவோடு இரவாகக் கலைத்தார். கலைத்த கொம்புகளை விற்கவில்லை, வேலிக்கும் நடவில்லை. கிடங்கு தோண்டி அங்கேயே போட்டுக் கொளுத்திவிட்டார். சொந்தப் பட்டா நிலத்தில், கணக்குப்படி வளர்த்த மரத்தை, திருட்டு மரம் மாதிரி எரித்தார். அவர் பயம் வீண் பயம் என்று சொல்லிவிட முடியுமா? இந்த எல்லையில் செம்மரம் என்ற பேச்சு எழுந்தாலே வழக்கு, சோதனைச்சாவடி, சிறை என்றுதான் எல்லாருக்கும் ஞாபகம் வருகிறது. 2015 ஏப்ரலில் ஆந்திராவின் சேஷாசலம் காட்டில், செம்மரம் வெட்டியதாகச் சொல்லி 20 தமிழ்நாட்டுக் கூலிக்காரர்கள் போலீசாரால் சுட்டுக் கொல்லப்பட்டதை ஜவ்வாது மலைப் பக்கத்து ஊர்கள் இன்னும் மறக்கவில்லை. அந்தக் காட்டு மரத்துக்கும் எங்கள் கொல்லை மரத்துக்கும் உள்ள வித்தியாசத்தைத் தாளில் காட்டும் வழியை நீங்கள்தான் தர வேண்டும்.

அந்தத் தாள் எங்களிடம் இல்லை என்பதுதான் அடுத்த குறை. மனுவோடு, எந்த நிலத்தில் என்ன பயிர் என்று எழுதும் கிராமக் கணக்கான அடங்கலின் நகல் வைக்க வேண்டும் என்றார்கள். வாங்கிப் பார்த்தால், 15 வயது மரங்கள் நிற்கும் எங்கள் புல எண்ணுக்கு நேராக 'தரிசு' என்று இருந்தது. ஒவ்வொரு பசலி ஆண்டிலும் அப்படியே பார்த்து எழுதியிருக்கிறார்கள். கன்று கொடுத்தபோது எண்ணி, கையெழுத்து வாங்கி, போட்டோ எடுத்துக்கொண்டு போனார்கள். அந்த எண்ணிக்கை இலக்குக் கணக்குக்குப் போனது, கிராமக் கணக்குக்கு வரவில்லை. இப்போது இந்த மரம் நான் வளர்த்ததுதான் என்று நானே நிரூபிக்க வேண்டியிருக்கிறது. நட்ட அப்பா உயிரோடு இல்லை. கன்று வாங்கிய ரசீது கறையான் தின்ற டிரங்குப் பெட்டியில் எங்கேயாவது இருக்கலாம். கிராம நிர்வாக அலுவலர் சான்று, புல வரைபடம், சிட்டா, வட்டாட்சியர் தடையின்மைச் சான்று, வனவர் பார்வை, வனச்சரகர் பார்வை என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு நாள் கூலி போகிறது. பெண்பிள்ளை வந்து மரம் வெட்ட அனுமதி கேட்கிறாளே என்ற சிரிப்பையும் இடையில் வாங்கிக்கொள்ள வேண்டும். சரி, அது போகட்டும்.

விதி மாறினால் நிலத்தில் என்ன நடக்கும் என்பதற்கு எங்கள் பழைய வட ஆற்காட்டிலேயே ஒரு பாடம் இருக்கிறது. ஜவ்வாது மலைச் சந்தனமும் திருப்பத்தூர் சந்தனக் கிடங்கும் பெயர் பெற்ற ஊர்க்காரர்கள் நாங்கள். 2002-ல் சட்டம் திருத்தப்படும்வரை பட்டா நிலத்தில் தானாக முளைத்த சந்தனத்தின் மேலும் நிலத்துக்காரருக்கு உரிமை கிடையாது, காவல் காக்கும் பொறுப்பு மட்டும் உண்டு. அதனால் கொல்லையில் சந்தனக் கன்று தெரிந்தால் பெரியவர்கள் முதல் வேலையாகப் பிடுங்கி எறிந்தார்கள். காட்டில் திருடர்கள் வெட்டினார்கள், கொல்லையில் விவசாயிகள் பிடுங்கினார்கள். உரிமை கிடைத்த பிறகுதான் துவரையைத் துணைச்செடியாக வைத்து, பக்கத்தில் சவுக்கையும் அகத்தியையும் நட்டு, பக்கத்துச் செடியின் வேரிலிருந்து உணவெடுக்கும் அதன் பழக்கம் பார்த்துச் சந்தனம் வளர்க்கிறவர்கள் வந்தார்கள். சட்டம் பயமுறுத்தும்வரை மரம் வரவில்லை, உரிமை கொடுத்ததும் வந்தது. செம்மரத்திலும் தேக்கிலும் நாங்கள் கேட்பது அதன் அடுத்த படி.

நீங்கள் எதுவுமே செய்யவில்லை என்று நான் சொல்லவில்லை. 2021-22 முதல் நீடித்த பசுமைப் போர்வை இயக்கத்தில் தேக்கு, செம்மரம், சந்தனம், வேங்கை, மகோகனி எல்லாம் விவசாயிகளுக்கு இலவசமாக வருகின்றன. வரப்பில் என்றால் ஏக்கருக்கு 50, தோப்பாக என்றால் 160. உயிரோடு இருக்கும் கன்றுக்கு இரண்டாம் ஆண்டிலிருந்து ஆண்டுக்கு 7 ரூபாய் வீதம் மூன்று ஆண்டு ஊக்கத்தொகை. நல்ல விஷயம். ஆனால் கணக்கைப் பாருங்கள். நாலாம் ஆண்டோடு உங்கள் பார்வை முடிகிறது. கிளை கழிக்கும் முதல் கவாத்தும் முதல் கலைப்பும் அதற்குப் பிறகுதான் சூடு பிடிக்கின்றன. எங்கள் அப்பா காலத்திலும் இதேதான் நடந்தது: கன்று வந்தது, ஆள் வரவில்லை. தேக்கில் பக்கக் கிளையை விரல் தடிமனில் இருக்கும்போதே அடிமரத்தை ஒட்டி அறுத்துவிட வேண்டும், கிளையின் அடியைக் குச்சி போல மிச்சம் விட்டு வெட்டினால் அது காய்ந்து உள்ளே புதைந்து பலகையில் செத்த கணுவாக வரும், பலகை அறுக்கும்போது பொத்தல் விழும் என்பதையெல்லாம் எனக்குச் சொன்னது எந்தத் துறையும் இல்லை. ஒரு ஆசாரி சொன்னார். மேட்டுப்பாளையத்தில் வனக் கல்லூரி இருக்கிறது, கோயம்புத்தூரில் வன மரபியல் நிறுவனம் இருக்கிறது. அங்கே தெரிந்தது குடியாத்தம் கொல்லைக்கு வந்து சேர ஒரு ஆள் வேண்டாமா? மல்லாட்டைக்குப் பூச்சி வந்தால் கேட்க வட்டார வேளாண் அலுவலகம் இருக்கிறது. மரத்துக்கு அவர்களைக் கேட்டால் வனத்துறையைக் கைகாட்டுகிறார்கள். வனத்துறையில் கேட்டால் பட்டா நிலம் வேளாண்மைத் துறை என்கிறார்கள். அனுமதி கேட்கும்போது மட்டும் இரண்டு பேரும் உரிமையோடு வந்து நிற்கிறார்கள்.

இந்த இடைவெளியில் யார் புகுந்தார்கள் என்பதும் நினைவில் இருக்கட்டும். 1990-களில் தேக்கு வளர்த்துத் தருகிறோம், இருபது வருடத்தில் லட்சாதிபதி ஆகலாம் என்று விளம்பரம் செய்து பணம் வசூலித்து மூடிய கம்பெனிகளால் நம் மாநிலத்தில் எத்தனை குடும்பங்கள் ஏமாந்தன! இன்றைக்கு அதே வாக்குறுதி மகோகனி, செம்மரம் என்ற பெயரில் செல்போனில் வருகிறது. ஏக்கருக்கு இத்தனை மரம், ஒரு மரம் இத்தனை ஆயிரம், பெருக்கிப் பார்த்தால் கோடி. அந்தப் பெருக்கலில் நட்ட மரம் அத்தனையும் முழு விலைக்கு நிற்கும். கலைப்பு என்ற கழித்தல் அதில் கிடையாது. அரசு வழிகாட்டி இல்லாத இடத்தில் இந்தக் கணக்குதான் விவசாயிக்குக் கிடைக்கிற ஒரே கணக்கு.

கலைப்புக்கு வழி விட்டால் கடத்தல்காரர்கள் அதில் நுழைந்துவிடுவார்கள் என்று நீங்கள் சொல்லலாம். நியாயமான கவலைதான். காப்புக்காட்டை ஒட்டிய நிலங்களில் நேரில் வந்து பார்க்காமல் அனுமதி கொடுக்கக் கூடாது என்றால் நானும் ஒப்புக்கொள்கிறேன், என் நிலமும் அதில் வரலாம், வரட்டும். ஆனால் கடத்துகிறவனுக்கு வேண்டியது வயதான காட்டு மரத்தின் வைரம். அலை ரேகை ஓடிய கட்டைக்காக அவன் உயிரைப் பணயம் வைக்கிறான். பத்து, பன்னிரண்டு அங்குலச் சுற்றளவுக் கொம்பில் அவனுக்கு என்ன இருக்கிறது? கலைப்பில் வெளியே வருவது பெரும்பாலும் அந்தக் கொம்புகள்தான். இதைவிட முக்கியமான ஒன்று: நட்ட நாளிலிருந்து பதிவு இருந்தால் காட்டு மரத்தைக் கொல்லை மரம் என்று சொல்லிக் கொண்டுவருவது கடினம். பதிவே இல்லாத இன்றைய நிலைதான் கடத்தலுக்கு வசதி.

வெளிநாட்டு வணிகத்திலும் இதே பதிவுதான் கேட்கப்படுகிறது. அருகிவரும் உயிரினங்களின் வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்டிஸ் உடன்படிக்கையில், அனுமதியோடு மட்டும் ஏற்றுமதி செய்யக்கூடியவற்றுக்கான இரண்டாம் பட்டியலில் செம்மரம் 1995 முதல் இருக்கிறது. 2004-லிருந்து நடந்துவந்த சிறப்புக் கண்காணிப்பிலிருந்து இந்தியச் செம்மரத்தை 2023 நவம்பரில்தான் விடுவித்தார்கள். வளர்த்த மரம் என்று நிரூபிக்கிறவருக்கே அந்தக் கதவு திறக்கும். திருவள்ளூர் மாவட்டத்தில் செம்மரம் வளர்த்த 18 விவசாயிகளுக்கு 2025-ல் தேசியப் பல்லுயிர் ஆணையம் 55 லட்சம் ரூபாய் பயன் பகிர்வுத் தொகை (மரத்தை வணிகம் செய்கிறவர்களிடம் வாங்கி, வளர்த்தவர்களுக்குத் தரும் பங்கு) கொடுத்தது. விற்பனை கணக்கில் வந்ததால்தான் அந்தப் பங்கும் வந்தது. தரிசு என்று எழுதப்பட்ட என் கொல்லைக்கு அது எந்தக் காலத்தில் வரும்?

விற்பனையைப் பற்றி ஒரே விஷயம் சொல்லி முடித்துக்கொள்கிறேன். கால் சுற்றளவு முறையில் அளந்தால் உருண்டை மரத்தின் உண்மையான கன அளவில் ஐந்தில் ஒரு பங்கைவிடச் சற்று அதிகமாகவே கணக்கில் விடுபட்டுப்போகும். அறுவைக் கழிவு என்று அதற்கு ஒரு நியாயம் சொல்வார்கள், சரி. அதற்கும் மேலே பட்டைக்கு ஒரு கழிவு, வளைவுக்கு ஒரு கழிவு. அப்புறம் அளவே வேண்டாம், மொத்தமாகக் குத்துமதிப்பில் பேசலாம் என்பார்கள். அனுமதி வாங்கும் வேலையைத் தானே பார்த்துக்கொள்வதாகச் சொல்லும் தரகர் கேட்கிற விலைக்கு விவசாயி தலையாட்டிவிடுகிறார். மரத்தின் விலையில் பாதியை அந்த அலைச்சலுக்குப் பயந்தே விட்டுக்கொடுக்கிறோம்.

2025 மார்ச்சில் சட்டமன்றத்தில் வைத்த வேளாண் நிதிநிலை அறிக்கையில், செம்மரம், சந்தனம், மகோகனி, ஈட்டி போன்ற உயர்மதிப்பு மரங்களைப் பதிவு செய்வது, வெட்டுவது, கொண்டுபோவது, விற்பது எல்லாவற்றையும் எளிதாக்க வேளாண் காடுகள் கொள்கை வரும் என்று அறிவித்தீர்கள். அதே ஆண்டு ஜூனில் ஒன்றிய சுற்றுச்சூழல் அமைச்சகம் விவசாய நிலங்களில் மரம் வெட்டுவதற்கான மாதிரி விதிகளை மாநிலங்களுக்கு அனுப்பியது. இணையத்தில் பதிவு, போட்டோ, இட வரைபடம் என்று அதில் நல்ல ஏற்பாடுகள் இருக்கின்றன. இவை நம் மாநிலத்தில் கிராமத்துக்கு வந்து சேரும்போது எப்படி இருக்க வேண்டும் என்பதுதான் என் கோரிக்கை.

முதலாவது, கலைப்பையும் கவாத்தையும் மரம் வெட்டுவதிலிருந்து பிரித்துத் தனியாக எழுதுங்கள். பதிவு செய்த பட்டா நிலத் தோப்பில், மர வகைக்கேற்ப நீங்கள் வைக்கும் ஒரு சுற்றளவுக்குக் கீழே உள்ள மரங்களை எடுப்பது பயிர் வேலை என்று அறிவியுங்கள். அதற்கு அனுமதி வேண்டாம், தகவல் போதும். உழவன் செயலியில் எடுக்கப் போகும் மரங்களின் போட்டோவைப் போட்டுவிட்டு, 15 நாளில் யாரும் மறுக்கவில்லை என்றால் வேலையைத் தொடங்கலாம் என்று இருக்கட்டும். செம்மரத்துக்கும் ஈட்டிக்கும் நேரடி ஆய்வு வேண்டும் என்றால் வையுங்கள், ஆனால் ஆய்வுக்கும் ஒரு கெடு வையுங்கள். கலைத்த கழிகளைப் பக்கத்து டிப்போவுக்குக் கொண்டுபோக, 1968-ஆம் ஆண்டு மரம் எடுத்துச் செல்லும் விதிகளில் ஒரு எளிய சீட்டு சேர்க்கப்பட வேண்டும்.

கன்று கொடுக்கும் அன்றே, வகை, எண்ணிக்கை, நட்ட ஆண்டு மூன்றையும் அடங்கலில் ஏற்ற வேண்டும். இது வருவாய்த்துறையின் வேலை. கன்று கொடுக்கும் துறை அந்தப் பட்டியலை அவர்களிடம் ஒப்படைத்தால் போதும். ஏற்கெனவே நிற்கிற, பதிவில்லாத மரங்களுக்காக வேலூர், திருப்பத்தூர், ராணிப்பேட்டை மூன்று மாவட்டங்களிலும் கிராமம் கிராமமாக ஒரு முகாம் நடத்துங்கள். மரத்தின் வயதைப் பார்த்துச் சொல்லத் தெரிந்த வனவர் ஒருவரும் கிராம நிர்வாக அலுவலரும் சேர்ந்து வந்தால் ஒரு கிராமத்துக்கு ஓரிரு நாள் வேலைதான்.

அடுத்து, ஒவ்வொரு வட்டாரத்துக்கும் மரம் தெரிந்த ஒரு ஆளை வையுங்கள். எந்த மரம் நிற்க வேண்டும், எது போக வேண்டும் என்று சுண்ணாம்பு அடித்துக் காட்டத் தெரிந்த ஆள். நாலாம் ஆண்டோடு நிற்கும் ஊக்கத்தொகையின் ஒரு பகுதியையாவது முதல் கலைப்பு முடித்த தோப்புக்குக் கொடுங்கள். கன்று எத்தனை பிழைத்தது என்று எண்ணுகிற அதே அக்கறையோடு, மரம் எவ்வளவு பருத்தது என்றும் அளந்து பாருங்கள்.

அரசு மரக் கிடங்குகளில் ஏலம் போகும் தேக்கு, செம்மரம், சந்தனத்தின் விலையைச் சுற்றளவு வாரியாக, தர வாரியாக மாதாமாதம் ஒழுங்குமுறை விற்பனைக்கூடங்களின் பலகையில் எழுதிப் போடுங்கள். மல்லாட்டை விலை அங்கே தெரிகிறது, மர விலையும் தெரியட்டும். மரம் அளப்பதற்கு முத்திரையிட்ட நாடாவும் அளக்கத் தெரிந்த ஆளும் அங்கே இருந்தால், குத்துமதிப்பு பேசும் தரகரிடம் நாங்களும் நிமிர்ந்து பேசுவோம்.

கடைசியாக என் மனு. அதை மறுபடி பரிசீலனைக்கு எடுத்துக்கொள்ளும்படி கேட்கிறேன். அதே மனுவை இந்த மடலோடு சேர்த்து உங்கள் மூன்று துறைகளுக்கும் பதிவுத் தபாலில் அனுப்பியிருக்கிறேன், வேலூர் ஆட்சியர் அலுவலகத்தில் நடக்கும் அடுத்த விவசாயிகள் குறைதீர்வு நாள் கூட்டத்திலும் கொடுக்கப் போகிறேன். எடுக்க வேண்டிய மரங்களின் பட்டியல் வரிசை எண்ணோடு அதில் இருக்கிறது. தேக்கு இலையுதிர்ந்து நிற்கும்போதுதான் எந்தத் தலை எதை நெருக்குகிறது என்று தெளிவாகத் தெரியும், வெட்டினாலும் பக்கத்து மரத்துக்குச் சேதம் குறைவு. ஆகவே மாசி, பங்குனிக்குள் மரம் தெரிந்த ஒரு அலுவலரை அளவு நாடாவோடு அனுப்புங்கள். என் தேர்வு தவறு என்று அவர் நினைத்தால், எந்த மரத்தை விட வேண்டும், எதை எடுக்க வேண்டும் என்று அங்கேயே எழுதிக் கையெழுத்துப் போட்டுத் தரட்டும்.

இப்படிக்கு,
மரப்பயிர் விவசாயி ஒருத்தி,
குடியாத்தம் வட்டம், வேலூர் மாவட்டம்.